கைமாறிய படகும் கைம்மாறும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

நெய்தல் என்றால் இரங்கல் என்று சொல்லிப் பழகிவிட்டது தமிழ் வகுப்பறை. கழியும் கானலும் புன்னையும் தாழையும் தலைவியின் கண்ணீருக்குப் பின்னணியாக நிற்கின்றன. தேர் வருவதும் வாராமையுமே அங்கு நிகழ்ச்சி. ஆயினும் அத்தேர் வந்து நிற்கும் மணலுக்கு அண்மையிலேயே படகுகளும் நிற்கின்றன. திமில், அம்பி, பஃறி, ஓடம், தோணி, நாவாய், வங்கம் எனத் தனித்தனிப் பெயர்கள் அவற்றுக்கு உண்டு. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்கள் வழங்குமானால் அப்பொருளை அம்மக்கள் நாள்தோறும் கையால் தொட்டுப் புழங்கினர் என்பது பெறப்படும். அப்படகு மணலிலிருந்து நீருக்கு எவ்வாறு சென்றது, மீண்டு வந்தபோது அதனை மேலேற்றியவர் யாவர் என்ற வினா மட்டும் வகுப்பறையில் எழுவதில்லை.

கடலில் ஒருவன் தனியே படகோட்ட இயலும். கரையில் ஒருவன் தனியே படகை நகர்த்த இயலாது. படகைப் பற்றிய எல்லா இலக்கியத்துக்கும் அடியில் கிடக்கும் எளிய உண்மை இது. நீரில் இருக்கும் வரை படகின் பாரத்தை நீர் தாங்குகிறது. மணலைத் தொட்ட நொடியிலிருந்து அப்பாரம் மனிதரைச் சேர்கிறது. சோழமண்டலக் கரையோ பெரும்பாலும் திறந்த கரை. அலை நேரே வந்து மணலில் உடையும் இடம். அங்கே ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட சிறு பொழுதில் அணியம் அலையை நோக்கியிருக்குமாறு படகைத் தள்ள வேண்டும். சற்றே திரும்பி விலாப்புறத்தில் அலை வாங்கினால் படகு கவிழும். ஆகவே தள்ளுவோரின் வலிமையைவிட அவர்கள் ஒருங்கே தள்ளுவதுதான் முதன்மையானது. இந்த ஒருங்கமைவுக்காகப் பிறந்தவையே அம்பாப் பாடல்கள். கரைவலை இழுக்கும்போதும் தோணி தள்ளும்போதும் பாடப்பெற்ற இவற்றை நாட்டுப்புறவியலார் தொழிற்பாடல் என வகைப்படுத்தி ஏட்டில் ஏற்றினர். அது தக்க பணியே. ஆனால் பாடலைத் தொகுத்தவர்கள் கயிற்றில் விழுந்த கைகளைத் தொகுக்கவில்லை.

கட்டுமரம் ஒரு வகையில் இத்துன்பத்துக்குக் கண்ட தீர்வாகும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே சுமந்து மேட்டில் உலர வைக்கலாம். நீர் குடித்த மரம் கனக்கும், உலர்ந்த மரம் மிதக்கும் என்ற அறிவும் அதில் அடங்கியிருந்தது. 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகுகள் பெற்றன. அவற்றை இன்று பல கரைகளில் டிராக்டர் இழுத்து ஏற்றுகிறது. டிராக்டருக்குக் கூலி உண்டு. கூலி கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடும். முன்பு கை கொடுத்தவனுக்குக் குழம்புக்கு மீன் கொடுப்பார்கள். அது கூலியுமன்று, கொடையுமன்று. இரண்டுக்கும் நடுவே பெயரில்லாமல் நின்ற ஒன்று.

துறைமுகம் கட்டப்பெறாத காலத்துச் சென்னைக் கரையை இங்கே நினைவுகூரலாம். கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் மசூலாப் படகில் கரைக்கு வந்தனர். ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அறையும்போது முறியாமல் நெகிழ்ந்துகொடுக்கும். அதன் அருகே கட்டுமரக்காரர் துணையாகச் செல்வது வழக்கமாயிருந்தது. படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவரை எடுப்பது அவர்கள் பணி. எடுக்கப்பட்டவர்கள் தத்தம் பயணநூல்களில் அலையின் சீற்றத்தை வியந்தும் அஞ்சியும் எழுதினர். எடுத்தவர்களோ தங்கள் பக்கத்தை எழுதி வைக்கவில்லை.

மேலைநாடுகளில் இதே காட்சி வேறோர் உருவில் நிகழ்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏரிக்கரைகளிலும் கழிமுகங்களிலும் நீருக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவுகள் அமைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் மீன்பிடிக்க விரும்புவோர் பழைய படகொன்றை வாங்கி, இழுவண்டியில் ஏற்றிக் காரின் பின்னே கட்டிக்கொண்டு வருகின்றனர். காரைப் பின்னோக்கிச் செலுத்தி இழுவண்டியை நீருக்குள் இறக்குவது புதியவருக்கு எளிதன்று. சுக்கானை ஒரு புறம் திருப்பினால் இழுவண்டி மறுபுறம் திரும்பும். படகின் பின்புறத்து அடியில் தேங்கிய நீரை வடிக்க ஒரு துளை உண்டு. அதன் அடைப்பானைத் திருகாமல் இறக்கினால், இறக்கியவரின் கண்முன்னரே படகு நீரை ஏற்கத் தொடங்கும். அவ்வேளையில் வரிசையில் நிற்கும் முன்பின் அறியாத ஒருவர் வந்து கை காட்டித் திசை சொல்வார். ஒருவர் கயிற்றைப் பிடிப்பார். இன்னொருவர் அடைப்பான் போட்டாயிற்றா என்று கேட்பார். பெயர் கேட்டுக்கொள்வதுகூட இராது. படகு மிதந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்புவர். பொழுதுபோக்குக்காகச் செய்யப்படும் இதனைப் பரதவர் வாழ்வுக்கு நிகராக வைப்பது பொருந்தாது. எனினும் நீரும் கரையும் சந்திக்கும் கோட்டில் அயலார் கை தேவைப்படுகிறது என்பதில் இரண்டும் ஒன்றே.

பழைய படகு என்றதும் நற்றிணையின் 315 ஆம் பாடல் நினைவுக்கு வர வேண்டும். அம்மூவனார் பாடிய இப்பாடலில் தலைவனை விளிக்கும் தொடருக்குள் ஓர் அம்பி கட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுகள் பல கழிந்தன, துறையின் அலை மோதி மோதி அது மூப்படைந்தது, விளிம்பு முரிந்தது, இனித் தொழிலுக்கு ஆகாது. நல்ல நடையுடைய எருது தளர்ந்தபின் உழவர் அதனைப் புல்லுள்ள தோப்பில் மேயவிட்டுத் தொழிலிலிருந்து விடுவிப்பது போல, பரதவர் இவ்வம்பியை ஞாழலோடு வளர்ந்த புன்னையின் கொழுநிழலில் அடிமரத்தோடு பிணித்து வைக்கின்றனர். அதற்கு இப்போது நறும்புகை காட்டுவதில்லை என்றும் புலவர் குறிக்கிறார்.

இந்தச் சிறு குறிப்பு பல செய்திகளைத் தருவது. புகை காட்டுவதில்லை என்றால் தொழில் செய்த காலத்தில் காட்டினர் என்பது போதரும். படகு அவர்களுக்குக் கருவி மட்டுமன்று; வழிபாடு பெற்ற ஒன்று. வழிபாடு நின்றது, நிழல் நிற்கவில்லை. மரமாகப் பிளந்து அடுப்பிலிட்டிருக்கலாம், இடவில்லை. தலைவியைத் தலைவன் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கான குறிப்பை இக்காட்சியிலிருந்து உரை காண்போர் எடுப்பர். அது அகப்பாடலின் வழி. ஆனால் குறிப்பை எடுத்துக்கொண்ட விரைவில் அம்பியை மறந்துவிடலாகாது. அதனை நீரிலிருந்து புன்னை வரை இழுத்து வந்தவர்கள் எத்தனை பேர்! பயன் தராத பாரத்தை, இனி ஒரு மீனும் கொண்டுவராத பாரத்தை, மணல்மேல் இழுத்திருக்கிறார்கள். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லொடு வந்த பஃறிகள் இலாயத்துக் குதிரைகள் போலப் பிணிக்கப்பட்டிருக்கும் காட்சி செல்வத்தின் காட்சி. நற்றிணையின் பிணிப்போ நன்றியின் காட்சி. இரண்டும் கயிறுதான்.

புன்னையில் கட்டிய அப்படகை வேறொருவன் வந்து அவிழ்த்துக்கொண்டு போனால் என்னாகும்? அங்கிருந்து தொடங்குகிறது இக்கால நாவல்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956 இல் மலையாளத்தில் வெளிவந்து, 1957 இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வழியே அது தமிழ் வாசகரின் நூலாகவும் ஆயிற்று. 1965 இல் வந்த திரைப்படத்தின் புகழால் கறுத்தம்மா, பரீக்குட்டி காதலே நாவல் என்று பலர் எண்ணுகின்றனர். கடலுக்குச் சென்றவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது என்னும் நம்பிக்கையைப் பற்றிய ஆய்வுரைகளுக்கும் குறைவில்லை. ஆனால் நாவலை இயக்குவது ஒரு படகு. அதுவும் கைமாறிய படகு.

செம்பன்குஞ்ஞு பிறர் படகில் வேலை செய்தவன். சொந்தப் படகும் வலையும் வேண்டும் என்பது அவன், சக்கி ஆகிய இருவரின் வாழ்நாள் ஆசை. இத்துறையில் படகு வாங்க எல்லாப் பிரிவினருக்கும் உரிமையில்லை என்ற பழைய கட்டுப்பாடு ஒருபுறம், பணமின்மை மறுபுறம். அவன் வாங்குவது கண்டன்கோரன் என்னும் செல்வன் வைத்திருந்த படகை. படகோடு கண்டன்கோரனின் வாழ்க்கைமுறையின்மீதும் அவனுக்குக் கண் விழுகிறது. அவ்வீட்டின் வளம், அம்மனைவியின் நிறம் எல்லாம் அவன் உள்ளத்தில் தங்கிவிடுகின்றன. சக்கி இறந்தபின், கண்டன்கோரனும் இறந்துவிட, அவன் மனைவி பாப்பிக்குஞ்ஞையே செம்பன்குஞ்ஞு மணக்கிறான். பழைய படகை வாங்குபவன் மரத்தை மட்டும் வாங்குவதில்லை; முன்னவன் அமர்ந்த இடத்தையும் சேர்த்தே வாங்குகிறான். இந்நுட்பத்தைத் தகழி எங்கும் விளக்கவில்லை. நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்ததோடு நிறுத்திக்கொள்கிறார். மலையாள நாவலின் வலிமைகளுள் இதுவும் ஒன்று.

படகுக்கான பணத்தில் ஒரு பகுதி வந்தது பரீக்குட்டியிடமிருந்து. அவன் சிறு வணிகன், முஸ்லிம், கரையில் நிற்பவன், ஆனால் துறையைச் சேராதவன். இரவில் அவன் கொட்டகையிலிருந்து கருவாடு எடுத்துச் செல்லப்படுகிறது, பணமும் தரப்படுகிறது. படகு வந்தால் மீனை அவனுக்கே தருவது என்பது வாக்கு. அயலான் தந்த கை அது. உறவினர் தருவதில் உரிமை உண்டு. அயலான் தருவதில் அது இல்லை. அதனாலேயே அதற்கு ஒரு தனி எடை உண்டு.

முதல் நாள் கடலுக்குச் சென்று நிறைந்த படகோடு திரும்பும் செம்பன்குஞ்ஞுவின் மகிழ்ச்சியைத் தகழி மறைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிறன் படகில் துடுப்புப் போட்டவன் தன் படகில் நிற்கிறான். அம்மகிழ்ச்சியைப் பேராசை என ஒரு சொல்லில் தள்ளிவிடும் திறனாய்வு நியாயமற்றது. அவன் உடல் அன்று புதிதாகிறது. ஆனால் படகு மணலைத் தொட்டதும் நிகழ்வன இரண்டு. பரீக்குட்டி மீன் கேட்டு வருகிறான். கையில் பணம் இருக்கிறதா என்று செம்பன்குஞ்ஞு கேட்கிறான். வலையிலிருந்து சிதறும் மீனைப் பொறுக்க வரும் சிறுவரை விரட்டுகிறான்; அவ்விரட்டலில் விழுவது அவன் மகள் பஞ்சமி. கரையின் கை வரை வந்த இரு உரிமைகள், அயலானின் கடனும் குழந்தைகளின் பொறுக்கலும், ஒரே காலையில் மறுக்கப்படுகின்றன. நாவலின் அழிவு கறுத்தம்மாவின் காதலில் தொடங்கவில்லை. அந்தக் காலையில், அந்த மணலில் தொடங்குகிறது. கறுத்தம்மா இதனை அறிவாள். பரீக்குட்டியின் கடனைத் தீர்க்க வேண்டும் என்று அவள் தாயிடம் விடாமல் சொல்வதைக் காதலின் தவிப்பு என்று மட்டும் படித்தால் அவளுடைய அற உணர்வைக் குறைத்து மதிப்பிட்டதாகும். அவ்வீட்டில் கணக்கு அறிந்தவள் அவள் ஒருத்தியே.

செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் முதற்குறள் எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே. தனக்கு முன்னர் ஓர் உதவியும் செய்திராதவனுக்கு ஒருவன் செய்யும் உதவியை அது பேசுகிறது. பரிமேலழகரும் அவ்வாறே உரை காண்கிறார். மண்ணும் விண்ணும் ஈடாகா என்ற அளவு கூறப்படுவது அத்தகைய உதவிக்கு. அதாவது அயலான் உதவிக்கு. கைம்மாறு என்ற சொல் உதவிக்குச் செய்யும் மறுஉதவியைக் குறிக்கும்; கைமாறுதல் என்பது பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லுதல். ஒற்று ஒன்று மிகுவதும் மிகாததும்தான் வேறுபாடு. படகு கைமாறிற்று, கைம்மாறு நிகழவில்லை என்று 'செம்மீன்' கதையை இலக்கண வகுப்பில் சொல்லிவிடலாம். மாணவர்களுக்குச் சந்தியும் நினைவிருக்கும்.

ஓர் ஐயம் எழலாம். கயிற்றைப் பிடித்த கையும் பணம் தந்த கையும் ஒன்றா? ஒன்றல்ல. கயிற்றைப் பிடித்தவனின் உதவியை அளக்க இயலாது. ஆகவே பெற்றவன் அதனை எளிதில் ஏற்று, எளிதில் மறக்கிறான். பணம் தந்தவனின் உதவிக்கு எண் உண்டு. எண் இருப்பதால் அவனைக் காணும்தோறும் அது நினைவில் குத்துகிறது. செம்பன்குஞ்ஞு பரீக்குட்டியை வெறுப்பதில் இந்தக் குத்தலும் கலந்திருக்கிறது.

விற்பவன் பக்கம் நின்று எழுதப்பட்ட நாவல் தமிழில் உண்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977 இல் வெளிவந்தது. மணப்பாட்டுக் கரையில் வல்லமும் லாஞ்சும் மோதிக்கொண்ட காலம் அதன் களம். ஆசிரியராக வேலை பார்க்கும் மகன் செபஸ்தி, வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வருமாறு தந்தை குரூஸ் மிக்கேலை வற்புறுத்துகிறான். மகன் கணக்கில் வல்லம் ஒரு முதல். தந்தைக்கு அது எதுவென்று அவரால் சொல்ல இயலவில்லை. விற்றபின் அவர் மனம் நிலைகுலைவதே சொல்லாத விடையாக அமைகிறது. புன்னையில் பிணிப்பதற்கும் சந்தையில் விற்பதற்கும் இடையே தமிழ்க்கரை கடந்துவந்த தொலைவை இந்நாவலையும் நற்றிணைப் பாடலையும் அடுத்தடுத்துப் படிப்பவர் உணர்வர். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இத்தொலைவை இன்னும் விரிவாகப் பேசுகிறது. அது தனி உரைக்குரியது.

விற்றவனின் துயரும் வாங்கியவனின் வீழ்ச்சியும் எழுதப்பட்டுவிட்டன. பழைய படகில் முதன்முதல் ஏறி அமர்ந்தவனின் எளிய இன்பம் எழுதப்பட்டதா? முன்னவன் கை பட்டுப் பட்டு வழவழப்பான துடுப்புப் பிடி, மரத்தில் ஊறிப்போன மீன்நெய் வாடை, எங்கோ ஒரு பலகையில் கப்பற்புழு துளைத்ததை அடைத்த தழும்பு, தனக்கு முன்பே அலையை அறிந்திருக்கும் ஓர் உடலின்மேல் அமர்ந்திருக்கிறோம் என்னும் நிம்மதி. இவை கவிதைக்கு உரியவை. நாவல் நிகழ்ச்சியை நோக்கி விரைகிறது. இவற்றின்மேல் நிற்க அதற்கு நேரமில்லை. கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் இதனை ஒரு குறையாகவே முன்வைக்கலாம். நெய்தலில் இரங்கலைத் தவிர வேறெதுவும் பாடலாகாது என்று தொல்காப்பியர் தடுக்கவில்லை.

கைகள் விலகிய கரை எப்படியிருக்கும் என்பதையும் தகழி காட்டியிருக்கிறார். கறுத்தம்மாவை மணந்த பழனியை ஊரார் படகில் ஏற்ற மறுக்கின்றனர். அவள் மேல் எழுந்த பழி அவன் தொழிலைப் பறிக்கிறது. சிறு தோணி ஒன்றில் தூண்டிலோடு அவன் தனியே செல்கிறான். தள்ள ஒருவரும் இல்லாத தோணி அது. சுறாவை மாட்டிய இரவில் அவன் திரும்பவில்லை.

தனியே சென்று திரும்பிய ஒருவனும் இலக்கியத்தில் உண்டு. 'கிழவனும் கடலும்' என்று தமிழ் வாசகர் அறிந்த ஹெமிங்வேயின் நாவல் 1952 இல் வெளிவந்தது. கியூபாவின் சாந்தியாகோ 84 நாள் மீனின்றித் திரும்பியவன். அவனுடைய பாயில் மாவுச் சாக்குகளால் ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. முதல் நாற்பது நாளுக்குப்பின் பெற்றோர் சொற்படி வேறு படகுக்குச் சென்றுவிட்ட சிறுவன் மனோலின், ஆயினும் ஒவ்வொரு மாலையும் வந்து கயிற்றுச் சுருளையும் ஈட்டியையும் சுமக்க உதவுகிறான். 85 ஆம் நாள் விடியலில் இருவருமாகத்தான் படகைத் தூக்கி நீரில் இறக்குகின்றனர். உணவு தந்த விடுதிக்காரன் மார்ட்டினுக்குப் பெரிய மீன் அகப்பட்டால் வயிற்றுப்பகுதியைத் தர வேண்டும் என்று கிழவன் பேசிக்கொள்கிறான். பலமுறை உதவியவன் என்பதால் அதற்கு மேலும் தர வேண்டும் என்கிறான். கையில் மீன் இல்லை. 84 நாளாக இல்லை. ஆனாலும் கடன் யாருக்கு எவ்வளவு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உலக இலக்கியத்தில் கரையின் கைகளை இத்தனை துல்லியமாக எண்ணியவர் வேறு எவரும் உண்டா என்பது ஆராயத்தக்கது.

அவன் திரும்பும்போது இரவு. பதினெட்டு அடி மீனைச் சுறாக்கள் தின்றுவிட்டன. எலும்புக்கூடு மட்டும் படகோடு கட்டப்பட்டிருக்கிறது. கரையில் உதவ ஒருவரும் இல்லை. தன்னால் முடிந்தவரை படகைத் தானே மேலே இழுத்துக் கட்டிவிட்டுப் பாய்மரத்தைச் சுமந்துகொண்டு குடிசைக்கு ஏறுகிறான். மறுநாள் காலை மனோலின் வந்து சொல்கிறான்: படகையும் கருவிகளையும் பெட்ரிக்கோ பார்த்துக்கொள்கிறான், அந்த மீனின் தலையை என்ன செய்வது? மீன்கூடுகளில் இரையாக வைக்கட்டும், பெட்ரிக்கோவிடமே கொடுத்துவிடு என்கிறான் கிழவன்.